வாசற்படிக்குக் குறுக்கே ஒரு பலகை

12 பிப்ரவரி 1968, திங்கள்

காலையில் பனி, ஒன்பதுக்கெல்லாம் வெயில். மதுரை ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் இல்லை. சீருடை இரண்டும் அழுக்கு.

நர்ஸ் வகுப்பில் இன்று குழந்தை வளர்ச்சி ஆரம்பம். பாடம் எடுக்கும் சிஸ்டர் கரும்பலகையில் ஒரு பிள்ளை வரைந்தார். பூசணிக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு. எழுதிக்கொண்டது:

வளர்ச்சி தலையிலிருந்து காலுக்கு. முதலில் கழுத்து நிற்கும், பிறகு உட்காரும், தவழும், கடைசியில் நடை.

உடம்பின் நடுவிலிருந்து விரல் நுனிக்கு. முதலில் கையை வீசும், பிறகு உள்ளங்கையால் அள்ளும், அப்புறம்தான் இரண்டு விரலால் பொறுக்கும்.

வரிசை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று. வேகம் வேறு வேறு.

மற்றவர்கள் பரீட்சைக்காக எழுதினார்கள். நான் வேலுவை நினைத்துக்கொண்டு எழுதினேன். அவனுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. கடைசியாகப் பார்த்தது தீபாவளிக்கு. பொங்கலுக்கு வார்டு டியூட்டி. என் பிள்ளை இப்போது எந்தப் படியில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

அவன் வயிற்றில் இருக்கும்போதே அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனும் மதினியும் வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். "நீ போய்ப் படி சரசு, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று மதினி சொல்லாவிட்டால் இந்தப் பெஞ்சில் நான் ஏது?

18 ஞாயிறு

துணி துவைத்தாயிற்று. தலைவலி. மத்தியானம் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். அண்ணன்! மார்க்கெட்டுக்கு மிளகாய் வத்தல் லோடு ஏற்றி வந்தவர், சட்டையெல்லாம் நெடி. பக்கத்தில் போனதும் எனக்குத் தும்மல்.

"தவழுறானா?"

"ம்."

"பிடிச்சு நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"ரெண்டு விரலால பொறுக்குறானா?"

"ஏ தாயி, நான் என்ன அவனுக்குப் பரீட்சையா வச்சேன்? சாக்குக்குக் கீழ கெடந்த ஒரு வத்தலப் பொறுக்கி வாயில வச்சு ஊரையே கூட்டிட்டான், போதுமா?"

பொறுக்குகிறான். சந்தோஷம். கிளம்பும்போது அண்ணன் போகிற போக்கில் சொன்னது: "வாசப்படி மட்டும் இன்னும் தாண்டல. ஒம் மதினி கொழுக்கட்டைக்கு அரிசிய எடுத்து வச்சுக் காத்துக் கெடக்கா."

எங்கள் பக்கம் பிள்ளை முதன்முதலாக வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுப்போம். தவழுகிற பிள்ளை இத்தனை நாள் தாண்டாமல் இருக்குமா? இடுப்பில் கோளாறோ? தாய்ப்பாலைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த பாவமோ?

19 திங்கள்

சிஸ்டரிடம் போய் அழுதுவிட்டேன். "பிள்ளையைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீயும் பார்க்காமல் கற்பனை பண்ணாதே. சனி, ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். லீவுக் காகிதத்தில் உடனே கையெழுத்து. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் கடுவன் பூனை. இனி அந்தப் பெயர் என் வாயில் வராது.

24 சனி

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, திருச்சுழி தாண்டி இறங்கும்போது நல்ல வெயில். களமெல்லாம் சிவப்பாக வத்தல். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக.

வாசற்படியில் தொழுவத்துப் பலகை, குறுக்கே நிறுத்தி இரண்டு பக்கமும் கல் அண்டக் கொடுத்திருந்தது. பலகைக்கு மேலே இரண்டு கை, ஒரு மொட்டைத் தலை. வேலு! பிடித்து நின்றுகொண்டு பலகையை ஆட்டுகிறான். கால் இரண்டும் கல்லு மாதிரி.

"மதினி, என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

"வந்துட்டியா! ஒரு மாசமா இவனோட மல்லுக்கட்ட முடியல. தெனமும் படியில கால வைக்கான், நான் தூக்கித் தூக்கி உள்ள விடுறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? பெத்தவ பாக்காம மொதத் தாண்டு தாண்டிட்டான்னா? கவுந்தது, ஒக்காந்தது, தவுந்தது எல்லாம் நான்தான பாத்தேன். இது ஒண்ணாச்சும் நீ பாக்க வேணாமா?"

கோபம் வந்தது. பிள்ளையை அடைத்து வைக்கலாமா, ஓடியாடித்தானே காலுக்குப் பலம் வரும் என்று படித்ததை எல்லாம் கொட்டினேன். "இத்தனைக்கும் கல்லுமாதிரித்தான இருக்கான்" என்றாள் மதினி. அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன். எனக்காக ஒரு மாதம் ஒருத்தி வாசலுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

கையை நீட்டினேன். வேலு என்னைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், வீறிட்டான். மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. தீபாவளிக்கு யார் கூப்பிட்டாலும் போன பிள்ளை.

மதினிக்கு முகம் செத்துவிட்டது. "ஏலே, ஒங்க அம்மாடா!" என்று அதட்டினாள். நான் சொன்னேன்: "அதட்டாதீக மதினி. இந்த வயசுல புது ஆளைக் கண்டா அழுதாத்தான் சரியான வளர்ச்சி. தன் ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டான்." பாடம் படித்ததனால் தாங்கினேன், இல்லாவிட்டால் செத்திருப்பேன்.

25 ஞாயிறு

விடிந்ததும் மாவு இடித்தோம். ரேஷன் அரிசி, கொஞ்சம் நாற்றம். கருப்பட்டி போட்டதும் தெரியவில்லை.

மதினி என்னை வெளியே உட்காரச் சொன்னாள். "நீ கூப்புடு, வரட்டும்." கூப்பிட்டேன். வேலு உள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுகைக்குத் தயார். சிறிது நேரம் பார்த்தேன். பிறகு எழுந்து உள்ளே போனேன்.

"நீங்க வெளிய உக்காருங்க மதினி."

"அட நீ வேற! இதுக்கா நான் காவல் காத்தேன்?"

"பாக்கத்தான வந்தேன். பின்னால நின்னு பாக்குறேன்."

பலகையை நானே எடுத்தேன். மதினி வெளியே உட்கார்ந்து கையைத் தட்டினாள். தவழ்ந்தபடியே விட்டான் பாருங்கள் ஒரு ஓட்டம்! படியில் வயிறு தட்டி ஒரு நொடி ஊசலாடினான். பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். தலை, தோள், இடுப்பு, கால். சிஸ்டர் சொன்ன வரிசை. அழுக்கான இரண்டு உள்ளங்கால் கடைசியாகத் தாண்டியது. மதினி மடியில் விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நேருக்கு நேர் பார்த்தது மதினி. உள்ளங்காலைப் பார்த்தது நான். எனக்கு அது போதும்.

கொழுக்கட்டையை என் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று மதினி பிடிவாதம். எதிர்வீட்டுக்காரி இழுத்தாள்: "தாலி அறுத்தவ கையாலயா..."

மதினி: "பெத்தவ கை பெத்தவ கைதான். வேணும்னா வாங்கு, வேணாம்னா நடையக் கட்டு."

வாங்கிக்கொண்டாள். இன்னொன்றும் கேட்டாள்.

26 திங்கள், காலை, பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. மதினி வேலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனோடு ரோடு வரை வந்தாள். நேற்று ராத்திரி என் விரலைப் பிடித்துப் பார்த்தான்; உடனே விட்டுவிட்டான். அதுவரைக்கும் லாபம்.

பஸ் வந்ததும் அவனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, என் பையை ஏற்ற மதினி உள்ளே வந்தாள். நான் ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். அழவில்லை, வேடிக்கை பார்த்தான். மதினியைக் காணோம் என்று தெரிந்ததும்தான் அலறினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எறங்குங்க மதினி, பிள்ள ஒங்களத் தேடுறான்" என்றேன்.

இறங்கி ஓடினாள். அழுகை நின்றது. உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் பார்க்கவில்லை, அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.