மந்திரித்த மண்

4-9-38, ஞாயிறு

சேலத்தில் ஐக்கியக் கூட்டம். நாலு சபையார் சேர்ந்து பாடினோம். எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டேன். "எங்க கோயில்ல யாரையும் கூப்புடலீங்களா?" என்று சவேரியம்மாள் கேட்டாள். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் என்ன சொல்வது? சிரித்து மழுப்பினேன். எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

19-9-38

முந்தியே பிறந்துவிட்டது. பெண். மூச்சு இழுக்கிறது. அவள் கோயில் சுவாமியார் ஆத்தூர் போயிருக்கிறார்.

"நீங்களே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துருங்க. ஆபத்துல யாரும் குடுக்கலாமுங்க" என்று கெஞ்சினாள். எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்து, விசுவாசித்து, ஆற்றில் முழுக வேண்டும். மனமறிந்து பொய்ச் சடங்கு எப்படிச் செய்வேன்? வெளியே போய் நின்றேன்.

மருத்துவச்சி மாரக்காள்தான் ஊற்றினாளாம். இந்துப் பெண், அவளுக்கு ஞானஸ்நான வார்த்தை தெரியாது. படுக்கையில் கிடந்தபடி இவள் வார்த்தையைச் சொன்னாளாம்.

நாலு மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

20-9-38

சுவாமியார் திரும்பியதும் பார்த்தேன். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் கேட்டார்: "ஊத்தினது யாரு, சொன்னது யாரு?" ஊற்றுகிறவரே சொல்லவும் வேண்டுமாம். ஆளுக்கொன்றாகச் செய்தால் செல்லாதாம். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அவர்கள் கல்லறையின் மந்திரித்த மண்ணில் இடமில்லை.

ஒரு கை, ஒரு வாய். எனக்கு இரண்டும் இருந்ததே — ஏன்டா வெளியே போனே?

எங்கள் சபைக் கல்லறையில் புதைத்தோம். இரண்டு கல்லறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

"சாமியார் எடம் உட்டாருங்களா?" என்றாள். உட்டாரு என்றேன். உடனே தூங்கிப்போனாள். சடங்குக்குக் கூசினவன், இதற்குக் கூசவில்லை. மாரக்காளையும் வாய் திறக்காதே என்று கேட்டுக்கொண்டேன்.

9-10-38

பாடக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஜெபமும் வரவில்லை.

2-11-38, புதன்

கல்லறைத் திருநாள். எழுந்து நடக்கிறாள், மெழுகுவர்த்தி, பூ எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். அவர்கள் கல்லறைக்குக் கூடவே போனேன்.

"நம்ம புள்ளை எதுங்க?"

சுவரோரம் பேரில்லாத சின்ன மேடு ஒன்றைக் காட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ. மண்டியிட்டு அழுதாள், மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இனிப் பயமில்லீங்க, மாதா பாத்துக்குவா" என்றாள்.

பொழுது சாய்ந்தது. சுற்றிலும் ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம். எங்கள் சபையில் கல்லறைக்கு விளக்கேற்றும் வழக்கம் இல்லை. சுவருக்கு அந்தப்புறம் என் மகள் இருட்டில் கிடந்தாள்.