வெளிச்சப் பெட்டியில் உன் மகளின் வயிறு

என் பாசமுள்ள, பிடிவாதக்கார அண்ணனுக்கு,

உன் மகள் செல்வியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முழுதாகக் கேள். எதையும் பாதியில் விட்டு எழுந்து போகிற உன் குணம் அங்கேயாவது மாறியிருக்கிறதா, தெரியவில்லை.

உனக்கு வந்த அதே வலி அவளுக்கும் வந்தது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஊடுருவும் வலி. குனிந்தால் கொஞ்சம் தேவலை, நிமிர்ந்தால் உயிர் போகும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் ‘காஸ்ட்ரிக்’ என்று சொல்லி வெள்ளை மருந்து கொடுத்தார். அதையும் நீ வாந்தி எடுத்தாய். அப்புறம்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடலில் காற்று தெரிந்தது, அவ்வளவுதான். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு, எக்ஸ்ரேயில் சிக்காது. வேறு வழியில்லாமல் வயிற்றைத் திறந்தார்கள், அழுகிப்போயிருக்கிறது என்று மூடினார்கள். நீ கண் விழிக்கவே இல்லை. அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. கையில் இருந்ததை வைத்துத்தானே பார்க்க முடியும்?

லயத்தில் எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: “சம்சு குடிச்சான், செத்தான்.” அண்ணியும் அதையே சொல்லி உன்னைத் திட்டினார். அந்தச் சாராயத்தை நீ குடித்தாய்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் நான் அப்போது பள்ளியில் ஐந்தாம் பாரத்தில் இருந்தேன். அந்த ஜன்னலோரத்தில் நின்றவளுக்கு, உள்ளே பார்க்க ஒரு வழி இருந்திருக்கக் கூடாதா என்ற கேள்வி மட்டும் போகவே இல்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் உடம்புக்குள் படம் எடுக்கிற வேலைக்கே படிக்கப் போனேன். இப்போது ஈப்போவில் வேலை. நீ ரப்பர் பால் வெட்டிய கித்தா மரங்கள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. அண்ணி ஈப்போ ஓரத்தில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் செல்வியோடும் மருமகனோடும் இருக்கிறார். மருமகன் லூமுட் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை, மாமியாரைக் கண்டால் மட்டும் பயம்.

செல்விக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அண்ணி பத்தியம் என்று நாட்டுக்கோழியும் நல்லெண்ணெயுமாக ஊட்டிக்கொண்டிருந்தார். வலி வந்ததும், பிள்ளை பெற்ற வயிற்றில் காற்றுப் புகுந்துவிட்டது என்று துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். மறுநாள் மருமகன் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு நான் இருக்கிற மருத்துவமனைக்கே வந்துவிட்டான். இரத்தத்தைச் சோதித்ததுமே கணைய வீக்கம் என்று தெரிந்துவிட்டது. வாய் வழியாக ஒன்றும் தரக்கூடாது என்று சொல்லி, மூக்கில் குழாய் வைத்து, கையில் டிரிப் ஏற்றினார்கள்.

அங்கேதான் வந்தது வினை. நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டல்லவா, டாக்டர் சோற்றை நிறுத்திவிட்டால் ஆளைக் கைவிட்டுவிட்டார் என்று. கைவிட்ட உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று. அண்ணி ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வீட்டு வாசலில் சாவுப் பந்தலுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டதாம்.

“பிள்ளை பெத்தவள பட்டினி போட்டு, மூக்குல குழாயச் சொருகி வச்சிருக்கானுங்க. இது எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியும் லா. வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

“வயித்துக்கு ரெஸ்ட் குடுக்கத்தான் அண்ணி நிறுத்தியிருக்காங்க. தின்னா அந்தக் கணையம் சாறு விடும். அந்தச் சாறே அத அரிச்சிரும்.”

“உங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் ஏதேதோ சொன்னானுங்க. கடைசியில வயித்தத் திறந்து அனுப்பிட்டானுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற தாயே எமனுக்கு வண்டி பிடிக்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் உன்னைக் கண் முன்னால் பறிகொடுத்தவர் அவர். “வேன் நிக்கட்டும். ஒரு படம் எடுத்துர்றோம். அதப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க,” என்றேன்.

புது ஸ்கேன் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, அண்ணே. உடம்பை வெட்டாமலே ரொட்டித் துண்டு மாதிரி குறுக்காகப் பார்க்கலாம். கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவோம். இரத்தம் ஓடுகிற இடமெல்லாம் படத்தில் வெளுக்கும், செத்த சதை கறுப்பாகவே நிற்கும். வீக்கத்தை ஏ முதல் இ வரை ஐந்து ஆங்கில எழுத்தாகப் பிரித்துச் சொல்லவும் இப்போது வழி இருக்கிறது. ஏ என்றால் படத்தில் கோளாறே தெரியவில்லை. இ என்றால் பல இடத்தில் நீர் கோத்திருக்கும், அல்லது காற்றுக் குமிழ் தெரியும். குமிழ் தெரிந்தால் சீழ் பிடித்ததோ என்று பயப்பட வேண்டும்.

செல்வியை நான்தான் படுக்க வைத்தேன். “அத்தை, பாப்பாக்குப் பால்?” என்று கேட்டாள். “டின் பால் குடிக்கிறான். நீ மூச்சப் பிடி,” என்றேன்.

படங்கள் வந்தன. எங்கள் படங்களைப் படிக்கும் மருத்துவர் ஒரு சீன அம்மா. அதிகம் பேச மாட்டார். அண்ணியை உள்ளே கூப்பிடலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். வெளிச்சப் பெட்டியில் படத்தைச் செருகி, கணையம் நெடுகப் பேனாவை ஓட்டி, அண்ணிக்குப் புரியும் மலாயிலேயே சொன்னார்: “ஹிடூப். செமுவா ஹிடூப்.” உயிரோடு இருக்கிறது, எல்லாமே உயிரோடு இருக்கிறது என்று.

பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் நீர் கோத்திருந்தது, குமிழ் இல்லை. அதனால் டி என்றார். லேசான நோய் இல்லை, காத்திருந்து பார்க்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே போய் வேன்காரனிடம், “நீ போலாம் தம்பி,” என்றார். மருமகன் நடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. காய்ச்சல் வந்து பயமுறுத்தியது. கோத்த நீர் வற்றாமல் தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டு ஒரு பையாக மாறியது. அதைக் குத்தி எடுக்கலாமா, விட்டுப் பார்க்கலாமா என்று பேச்சு நடந்தது. அல்ட்ராசவுண்டில் வாராவாரம் அளந்து பார்த்தோம். அது மெல்லச் சுருங்கி, தானாகவே போய்விட்டது. அதே அல்ட்ராசவுண்ட்தான் மூலகாரணத்தையும் காட்டியது: பித்தப்பையில் கற்கள். கல் ஒன்று வழியில் இறங்கி அடைத்ததில்தான் இத்தனையும். பித்தப்பையை எடுத்தால்தான் மறுபடி வராது என்றார்கள்.

எடுப்பதென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். இதை அண்ணியிடம் யார் சொல்வது? செல்வியும் மருமகனும் என்னைத் தள்ளிவிட்டார்கள். மறுபடியும் வேன் வரும் என்றுதான் நினைத்தேன். அவரோ, “எங்க திறப்பாங்க, காட்டு,” என்றார். படத்தில் காட்டினேன். கல்லைக் காட்டினேன்.

“சரி லா. இவங்க பாத்துட்டுத் திறக்குறாங்க. அவருக்குப் பாக்க வழியில்லாமத் திறந்தாங்க,” என்றார்.

செல்வி இன்று காலை வீட்டுக்கு வந்துவிட்டாள், அண்ணே. தையல் இழுக்கிறது என்று முனகிக்கொண்டே பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள். பையனுக்கு உன் மூக்கு, பாவம்.

மதியம் அவள் என்னிடம் கேட்டாள்: “அத்தை, அப்பாக்கும் கல்லுதானா?”

எனக்குத் தெரியவில்லை. சம்சுவாகவும் இருந்திருக்கலாம், கல்லாகவும் இருந்திருக்கலாம். உனக்கு எந்த எழுத்து என்று பார்த்துச் சொல்ல அன்றைக்கு வழி இருக்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. “தெரியாதா? அப்ப இத்தன வருஷமா நான் எதுக்கு அந்த மனுசனத் திட்டிக்கிட்டே இருந்தேன்?” என்றார். மடியில் இருந்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதார். உன் சாவு வீட்டில்கூட அவர் அழவில்லை, அண்ணே. நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருக்குப் படம் எடுத்தாலும், வாசலில் நிற்கிற வீட்டாரை டாக்டரிடம் கேட்டு உள்ளே கூப்பிடுவேன். எது உயிரோடு இருக்கிறது, எது தெரியவில்லை என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுவேன்.

உன்னை இன்று உன் பெண்டாட்டி மன்னித்த சேதியோடு,
உன் தங்கச்சி,
உன் பேரனுக்குச் சின்னப் பாட்டி
ராணி