வராத மழைக்கு வரி

மார்ச் 4

கணக்காளரைப் பார்த்துவிட்டு வந்தேன். போன வருடம் பேய்மழை. ஊரில் ஒழுகாத மொட்டைமாடி இல்லை, நான் ஏறாத ஏணி இல்லை. ஒழுகல் அடைத்துப் பிழைக்கிறவனுக்கு அதைவிட நல்ல வருடம் கிடையாது. சொந்த வேன் வாங்கினேன். வரிக்கென்று எடுத்து வைத்ததில் போன வருட வரி சரியாகிவிடும்.

ஆனால் அது மட்டும் இல்லையாம். இந்த வருடமும் அதே அளவு சம்பாதிப்பேன் என்று வரி அலுவலகமே முடிவு செய்து, அதற்கும் முன்பணம் கேட்கிறது. வானமோ கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது. முன்பணத்துக்கு எங்கே போவேன்?

மார்ச் 5

போன் ஒரு தடவை அடித்தது. ராங் நம்பர்.

மார்ச் 9

கணக்காளர் வழி சொன்னார். "இந்த வருஷம் மழை இல்ல, வருமானம் குறையும்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. முன்பணத்தை விட்டுடுவாங்க. பின்னால மழை பெஞ்சா வட்டியோட கட்டிக்கலாம்."

பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். மழையை நம்பிச் சோறு தின்கிறவன் மழை வராது என்று கையெழுத்துப் போடுவதா? கடையைத் திறக்கும்போதே 'இன்று வியாபாரம் இல்லை' என்று எவனாவது பலகை மாட்டுவானா? யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்தேன்.

மார்ச் 10

மனைவியிடம் சொன்னேன். "மழை என்ன, உங்க கையெழுத்தைப் பாத்துட்டா வருது? போட்டுக் குடுத்துட்டு வந்து நிம்மதியா சாப்பிடுங்க" என்றாள். அவளுக்கு என்ன, துணி காய்ந்தால் சரி.

மார்ச் 17

காலையிலிருந்து வானம் பார்க்க மாடிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், புறா வளக்கப்போறீங்களா?" என்கிறார்.

மார்ச் 19

மனைவியின் அண்ணன் வந்தார். கட்டடப் பராமரிப்புக் கம்பெனி வைத்திருப்பவர். "மாப்ள, முன்பணத்தை நான் கட்டிடறேன். ஒண்ணாந்தேதியிலேருந்து நம்ம ஆபீசுக்கு வந்துடுங்க. வேனும் கம்பெனிக்கு வந்துடட்டும். ஆனா தனியா வேலை எடுக்கக்கூடாது."

நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். இனி எவரிடமும் லீவு கேட்க மாட்டேன் என்று அதே ஆபீசிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தவன் நான். வேனில் என் பெயரை நானே பெயின்ட் அடித்தேன். போக மாட்டேன்.

மார்ச் 26

நாளை கடைசி நாள். கையெழுத்துப் போட்டால் வேன் என்னுடையது, வேலையும் என்னுடையது. தெரிகிறது. ஆனால் மேற்கே ஒரு மேகம் நிற்கிறது. அதைப் பார்த்தா முடிவு செய்வது? ஆமாம், அதைப் பார்த்துத்தான்.

மார்ச் 27

போடவில்லை. முன்பணம் முழுவதும் கட்டியாயிற்று. மச்சான் பணம்.

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்கிட்டீங்க" என்றாள் மனைவி. மேகமும் போய்விட்டது. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? ஒரு கையெழுத்து. போட்டிருந்தா என்ன? யாரு அதைப் படிக்கப்போறா, வானமா?

ஏப்ரல் 1

வேனில் என் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். தடம் போகவில்லை. வெயிலில் நன்றாகவே படிக்க முடிகிறது.

ஏப்ரல் 3

லீவு கேட்க ஒரு படிவம் இருக்கிறது.

ஏப்ரல் 22

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. நான் ஆபீசில், சுழல் நாற்காலியில். முதலில் பல் மருத்துவரம்மா கூப்பிட்டார்.

"எக்ஸ்ரே மெஷின் மேலேயே சொட்டுதுங்க. நீங்க வந்தாத்தான் நிக்கும்."

"இப்போ தனியா செய்யறதில்லைங்க. கம்பெனி நம்பர் தர்றேன், எழுதிக்குங்க."

மதியம் வரை போன் ஓயவில்லை. எல்லாருக்கும் அதே நம்பர். மச்சான் என் மேசைக்கு வந்து, "வரும் வரும்னு சொன்னீங்களே மாப்ள, வந்துடுச்சு பாருங்க!" என்று முதுகில் தட்டினார். அவருக்கு வாயெல்லாம் பல். என் வேனில் யாரோ ஏணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இந்த மழைக்கு வரி கட்டியவன் நான்.