அடுப்படிக்கு வெளியே நின்றவர்

ஆகஸ்ட் 4

காலையிலிருந்து சாரல். மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பு. போடிமெட்டு ஜீப்பில் பின்சீட்டுதான் கிடைத்தது.

வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் இன்றும் போன் கிடையாது. வடகிழக்கில் ஏதோ மலை. ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. தனி நாடு கேட்டுக் கலவரமாம், பட்டாளத்தை இறக்கியிருக்கிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே.

ஜீப்பில் ஒருவர்: "நாலு சாத்து சாத்துனா எல்லாம் அடங்கிருவாய்ங்க."

என்னோடு காய் எடுக்கும் முத்தம்மா அக்கா முறைத்தாள். "யோவ், இவ புருசன் அங்கதான் நிக்கிறாரு."



வாங்க: உப்பு, மகள் கனிக்கு ரப்பர், அட்டைக்கடிக்குப் புகையிலை.

ஆகஸ்ட் 7

போன் வந்துவிட்டது! செடிகளுக்கு நடுவே நின்றபடி.

"செல்வி, நான்தான்."

"சாப்ட்டீங்களா? அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல. இங்க மலை நம்ம மெட்டு மாதிரியே இருக்கு புள்ள. பொம்பளைக கூடையத் தூக்கிட்டுப் போறப்ப நீயோன்னு திரும்பிப் பாக்குறேன்."

கட்டாகிவிட்டது. அழுதேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 19

லீவில் வந்துவிட்டார். கனி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

கோழிக்குழம்பு. எப்போதும் கொதிக்கும்போதே அடுப்படிக்குள் வந்து மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். இன்று வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்களேன்."

"இல்ல, நீயே கொண்டா."

ஆகஸ்ட் 20

வெயில். போர்வை எல்லாம் துவைத்தாயிற்று.

இன்றும் அப்படித்தான். தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். கனி என் காதில், "அப்பா ஏம்மா விருந்தாளி மாதிரி இருக்காங்க?"

ஆகஸ்ட் 21

சோலிக்குப் போகவில்லை. கனி பள்ளிக்கூடம் கிளம்பியதும் கேட்டேன். "என்னங்க ஆச்சு?"

சொன்னார்.

துப்பாக்கி பதுக்கியிருக்கிறார்களா என்று வீடு வீடாகத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டு அடுப்படிக்குள் இவர் பூட்ஸோடு நுழைந்திருக்கிறார். உள்ளே ஒரு பொம்பளை மட்டும். அரிசி மூட்டையைக் கம்பியால் குத்தினாராம். கிழிந்து அரிசியெல்லாம் தரையில். துப்பாக்கியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அந்தம்மா கத்தல செல்வி. குனிஞ்சு அள்ள ஆரம்பிச்சுட்டாங்க. நானும் உக்காந்து அள்ளுனேன். என் கையத் தள்ளிவிட்டாங்க."

"முழுசும் அள்ளினாங்களா?"

"தெரியல. வெளிய விசிலடிச்சுட்டாய்ங்க. வந்துட்டேன்."

உங்கள் வேலை அது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொம்பளையும் என்னைப்போல ஒரு வீட்டுக்காரிதானே. இவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"அது அவங்க வீடு, தள்ளுனாங்க. இது உங்க வீடு. வாங்க."

வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தேங்காயைக் கையில் கொடுத்தேன், துருவினார்.

"திரும்ப அந்தப் பக்கந்தான் போகணும். மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். அவங்க பாஷையில எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"கேட்டுத் தெரிஞ்சுக்கங்க."

ஆகஸ்ட் 30

மழை விட்டுவிட்டது. பை கட்டினேன்: முறுக்கு, பருப்புப்பொடி, புது பனியன்.

அந்த மலையிலேயே பிறந்தவர் ஒருவர் இவரோடு பட்டாளத்தில் இருக்கிறாராம். போனில் அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். சின்ன வார்த்தைதான். காலையெல்லாம் அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இழுத்துச் சொல்ல வேண்டுமாம். எனக்கு வரவில்லை. கனிக்கு உடனே வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டேன். "பத்திரம்." "ம்." பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வரைக்கும் கனி அந்த வார்த்தையைப் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.