எதிர்ப்பக்கக் கட்டுரையை வாசித்த வாரம்

நவம்பர் 18, செவ்வாய்

ஈரப்பனி. முழங்கால் வலி. எழுத வேண்டியவை:

1. பரமேஸ் அக்காவின் (இனி ப. அக்கா) முறைப்பாடு.
2. அவர் கடைக்காரர் பக்கம், கோபம் அதனால்தான்.
3. என் நேரக் கணக்கு.
4. வாசிப்பைத் தொடர்வதா, விடுவதா.

வெக்ஸ்போர்ட் பகுதி முதியோர் மன்றத்தில் செவ்வாய்தோறும் பத்திரிகை வாசிப்பவன் நான். பாதிப் பேருக்குக் கண் தெளிவில்லை. சில மாதமாக ஒரே சண்டை: நம் வீதியில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை. பத்திரிகையில் கவுன்சிலர் அந்தத் திட்டத்தை ஆதரித்து எழுதும் பத்தி ஒன்று, கடைக்காரருக்காக இன்னொருவர் எதிர்த்து எழுதும் பத்தி ஒன்று. இரண்டையும் வாசிப்பேன். எனக்குக் கார் இல்லை, தனிப்பாதை வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று ப. அக்கா எல்லாருக்கும் முன்னால்:

"தம்பி, உதென்ன வாசிப்பு? வேணும் எண்டவருக்கு ரேடியோக் குரல். வேண்டாம் எண்டவரை மரண அறிவித்தல் மாதிரி வாசிக்கிறியள்."

"இரண்டுக்கும் ஏழு நிமிசம் அக்கா. கொப்பியிலை குறிச்சிருக்கிறன்."

"கொப்பி எனக்குத் தெரியாது. காது கேக்கும்."

சிரிப்பு. சிவம் அண்ணை: "பாவம், விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது."

நவம்பர் 19, புதன்

போனில் பதிவு செய்து பார்த்தேன், இரண்டு பத்திகளையும். சமையலறையிலிருந்து மனைவி:

"ஆர் உது, சாப்பாடு செமிக்காத ஆள்?"

நான்தான். எதிர்ப்பத்தியில் மூன்று இருமல், ஒருமுறை தண்ணீர். ஆதரவுப் பத்தியில் ஒன்றுமில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் பயம்.

இன்னொன்று: எதிர்ப்பத்தி எப்போதும் இரண்டாவது. அப்போது தேநீர் வரும், பிஸ்கற் பக்கற் சரசரக்கும். ஏழு நிமிடமும் ஏழு நிமிடமும் ஒன்றல்ல.

வாசிப்பையே விட்டுவிடலாம் என்றேன் மனைவியிடம்.

"விட்டா, அவ சொன்னது சரி எண்டு நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி."

"சரிதானே?"

"அப்ப திருத்துங்கோவன்."

நவம்பர் 22, சனி

மருந்து, பால், தபால். பயிற்சி நான்கு தடவை, நின்றபடி. மூச்சு விடும் இடங்களுக்குப் பென்சில் கோடு. கடை வாசலில் லொறி நிற்க இடமில்லாவிட்டால் அரிசி மூட்டையை எங்கே இறக்குவது என்று எதிர்ப்பத்தி எழுதியவர் கேட்கிறார். நல்ல கேள்வி. செவ்வாயன்றும் இதையேதான் வாசித்தேன். என் காதில் விழவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

வெயில், கடுங்குளிர். அதே பத்திகள்தான், ஆனால் எதிர்ப்பத்தியை முதலில் வாசித்தேன், தேநீருக்கு முன். அரிசி மூட்டை வந்ததும் இரண்டு பேர் முன்னுக்குச் சாய்ந்தார்கள். இருமல் இல்லை.

சிவம் அண்ணை கை தட்டினார். "நீர் எந்தப் பக்கம் எண்டே விளங்கேல்லையடாப்பா!"

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பஸ்ஸைத் தவறவிட்டேன், கவலையே இல்லை. எழுதவும் கூச்சம், ஆனாலும் எழுதுகிறேன்: நன்றாக வாசித்தேன்.

கோட் போடும்போது ப. அக்கா கையைப் பிடித்தார்.

"இண்டைக்குத்தான் அவை என்ன சொல்லினம் எண்டு விளங்கினது. இனி பேப்பருக்கு மறுத்து எழுதலாம். நான் சொல்லச் சொல்ல எழுதுவியளோ?"

"ஆரை மறுத்து அக்கா?"

"கடைக்காரரைத்தான். கண் தெரியாத நான் காரே ஓடுறது? எனக்கு பஸ்தான் வேணும்."

வாசிப்பில் குறை சொன்னார் என்பதற்காகவே அவரை எதிர்ப்பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இலக்கம் 2 பிழை.