மஞ்சள் உடலம் இல்லாத மாடுகள்

புவாண்ட்-கிளேர்
6.10.2024

அன்புள்ள துஷாந்தினி,

சுகமா? தொலைபேசியில் என்னைத் தடுத்துவிட்டாய். அதனால் கடிதம். வீட்டை விட்டுப் போன மனைவிக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நம்முடைய ஆய்வு கட்டுரையாக வருகிறது. நீ பாதியில் விலகியதால் என் பெயர் மட்டும். கோபிக்காதே.

நாலு மாடுகளின் சூலகத்தில் மஞ்சள் உடலமே இல்லை. புரோஜெஸ்தரோனைச் சுரக்க வேண்டியது அதுதான். ஆனாலும் இரத்தத்தில் அந்த ஹோர்மோன் உயர்ந்து நிற்கிறது. வேறோர் இடத்திலிருந்து சுரக்கிறது என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் அதையே கதைக்கிறார்கள்.

ஸ்கான் எடுத்தவள் நீ. இரத்தம் எடுத்தவளும் நீ. பிழை இல்லைதானே?

யதுர்ஷன்

*

கர்க்லாண்ட்
14.10.2024

யதுர்ஷனுக்கு,

சுகம். அம்மா சமைக்கிறா. சாப்பிடுகிறேன்.

ஸ்கானில் பிழை இல்லை. இரத்தத்திலும் இல்லை. நீ கேட்டது இவ்வளவுதான்.

என் பெயரைப் போடு. இன்னும் நேரம் இருக்கிறது.

துஷாந்தினி

*

புவாண்ட்-கிளேர்
20.10.2024

அன்புள்ள துஷா,

அது சரிவராது. நன்றிப் பகுதியில் போட்டிருக்கிறேன், பண்ணையில் உதவியவர் என்று. பேந்து பார்ப்போம்.

யதுர்ஷன்

*

புவாண்ட்-கிளேர்
9.2.2025

துஷா,

மாநாட்டில் ஒரு வயதான மிருக வைத்தியர் எழும்பினார். "அந்த மாடுகளுக்குள்ள ஹோர்மோன் கருவி வைச்சிருந்ததோ?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது.

வைத்தாயா? சொல்ல மறந்துவிட்டதாகப் பேராசிரியருக்கு ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் என் பட்டம் போய்விடும். கெஞ்சிக் கேட்கிறேன்.

யதுர்ஷன்

*

கர்க்லாண்ட்
17.2.2025

யதுர்ஷனுக்கு,

ஓம், நான்தான் வைத்தேன். வேட்கைக்கு வராமல் நின்ற மாடுகள். அவற்றைச் சினைப்படுத்த வேண்டும் என்று பண்ணைக்காரர் கேட்டார். கருவியிலிருந்து கசிந்த புரோஜெஸ்தரோனைத்தான் நீ கண்டுபிடித்தாய்.

பிறப்புறுப்புக்குள் வைக்கும் அந்தக் கருவியின் நூல் வாலுக்குக் கீழே வெளியில் தொங்கும். நீல நிறம். ஒருதரம் தொழுவத்துக்குள் வந்திருந்தால் கண்டிருப்பாய். நீ காருக்குள்ளேயே இருந்தாய். நான் வந்ததும் சொன்னாய்: "உந்த மணத்தோட ஏறாதை. பஸ்ஸில வா." மார்கழி. பனிக்குள் நின்றேன். நீ கண்ணாடியை ஏற்றினாய்.

என் பெயர் இருந்திருந்தால் அந்த நாலு மாடுகளையும் ஆய்விலிருந்து நானே விலக்கியிருப்பேன்.

மறந்தேன் என்று எழுத மாட்டேன். மறக்கவில்லை. உன் கடிதம் வர முதலே சஞ்சிகைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பேராசிரியருக்கும் ஒரு பிரதி.

இங்கே எல்லாரும் சுகம். அந்த மாடுகளில் மூன்று இப்போது சினை. மற்றதை இறைச்சிக்கு ஏற்றிவிட்டார்கள்.

துஷாந்தினி