ரின் இறைச்சிக்கு உப்புத் தேவையில்லை

செப்டெம்பர் 16, செவ்வாய்

இன்று அயல்வீட்டு உதயகலாவின் பள்ளிக்கூட வானை மானிப்பாய்ச் சந்தி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் காரை விற்ற பிறகு ஸ்டியரிங்கையே தொடாதவள் நான். ஆனாலும் கால் கிளட்சை மறக்கவில்லை! இரண்டாவது கியர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. உதயகலா பக்கத்தில் இருந்து கை தட்டினாள்.

அவளுடைய மனுசனுக்கு முழங்காலில் ஒப்பரேசன். தை வரைக்கும் அவர் வான் ஓட முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். “தெரியாத ஆக்களிட்டைப் பிள்ளையளைக் குடுக்க மனம் வரேல்லையக்கா. நீங்கள் ஓடுங்கோ” என்றாள்.

ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேலை.

என் மனுசன் கிளரன்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன். மனுசன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல் கேள்வி என்ன? “உனக்கு ஏலுமோ” என்பதில்லை. “பயமில்லையோ” என்பதுமில்லை.

“அப்ப மத்தியானச் சாப்பாடு?”

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றும் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற பழக்கம் போகவில்லை. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் சமைத்த மீன், அல்லது இறைச்சி. பிறிட்ஜில் வைத்ததைத் தொடமாட்டார்.

பேப்பரைத் திரும்ப விரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “ஒரு மாதம் பாப்பம். சாப்பாடு பிழைச்சா வான் இல்லை.”

“ஓம்” என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டெம்பர் 22, திங்கள்

முதல் நாள். விடியப் போய்ப் பெரிய பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் இறக்கி, வந்து பாலர் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, வீட்டுக்கு வர ஒன்பதரை. பதினொன்றுக்குத் திரும்ப வெளிக்கிட வேண்டும். ஒரு சின்னப் பெட்டை என்னை “றைவர் அன்ரி” என்று கூப்பிட்டாள். கேட்க என்ன ஒரு சந்தோசம்!

வீட்டில் கிளரன்ஸ் சந்தையால் வந்து சிரித்துக்கொண்டு நின்றார். கையில் சூடை மீன். விரலளவு விரலளவாக ஒரு கிலோ! ஒவ்வொன்றாய்த் தலை கிள்ளி, குடல் எடுத்து... குழம்பு கொதிக்கக்கொதிக்க இறக்கிவிட்டு ஓடினேன். புளி விட மறந்துபோனேன்.

பின்னேரம் நான் வர, சோற்றுக் கோப்பையைப் பாதியில் தள்ளி வைத்திருந்தார்.

செப்டெம்பர் 24, புதன்

ஒரு யோசனை வந்தது. “இஞ்சருங்கோ, நான் எப்படியும் டவுனுக்குப் போறன். இனி இறைச்சியை நானே வாங்கியாறன். நீங்கள் ஏன் வெயிலுக்குள்ளை சைக்கிள் மிதிக்கிறியள்?” மனுசனுக்குச் சந்தோசம்.

மாட்டிறைச்சி வாங்கி வந்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் அது எங்கே அவியும்? அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. பல் வைத்தியரிடம் போகச் சொன்னால் கேட்கமாட்டார். ஒரு துண்டை வாய்க்குள் வைத்து உருட்டி உருட்டி, கடைசியில் துப்பிவிட்டு, சொதியோடு சாப்பிட்டாராம். பின்னேரம் நான் வந்தபோது சொன்னார்: “ஒரு கிழமை கூட ஆகேல்லை, நவம்.”

எனக்கெண்டா அழுகை வந்திட்டுது. நான் என்ன மிசினே? உவருக்கு என்ன, இருந்த இடத்துக்கு வருது!

செப்டெம்பர் 26, வெள்ளி

இன்று என்ன செய்தேன் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கிளரன்ஸின் அக்கா மக்டலீன் மச்சாள் ஆவணியில் டென்மார்க்கால் வந்தபோது ஒரு பெட்டி நிறையத் தகர டப்பாவில் அடைத்த ரின் இறைச்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவ. “ரின்னிலை அடைச்சதெல்லாம் ஒரு சாப்பாடே?” என்று அவர் முகம் சுளித்ததால் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. ரின்னோடு ஒட்டியிருக்கிற சின்னச் சாவியைக் கழற்றிச் சுற்றினால் தகரம் நாடாப்போலச் சுருண்டு வருகிறது. உள்ளே அவித்து உப்பிட்ட மாட்டிறைச்சி, ஒரு கட்டியாக.

வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, எங்கள் வீட்டுத் தூள் போட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு கட்டியையும் போட்டுப் பிரட்டினேன். கரண்டி பட்டதும் இறைச்சி பூப்பூவாக உதிர்ந்தது. உப்புப் போடவேயில்லை, ரின்னுக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் தேசிக்காய்ப் புளி. வீடு முழுக்க வாசம்! ரின்னைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்குள் அமத்தினேன்.

பின்னேரம் வந்து பார்த்தால் சட்டி வழித்துத் துடைத்தது மாதிரி இருந்தது.

“இப்பதான் உனக்கு இறைச்சி அவிக்கத் தெரிஞ்சிருக்கு” என்கிறார் மனுசன்! முப்பது வருசத்துக்குப் பிறகு! “எந்தக் கடை?”

“டவுனிலை” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செப்டெம்பர் 30, செவ்வாய்

வானுக்குள் வைத்து உதயகலாவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நாங்கள் மாடு சாப்பிடமாட்டம் அக்கா, ஆனா ரின் இல்லாட்டி எங்கடை வீடும் இல்லை. மீன் ரின் ரெண்டு எப்பவும் கிடக்கும். வேலைக்குப் போற பொம்பிளைக்கு அதுதான் துணை.” பிறகு, “அண்ணை கண்டுபிடிச்சா?” என்றாள்.

கண்டுபிடிச்சா?

அக்டோபர் 3, வெள்ளி

ரின். பருப்பு. கத்தரிக்காய்ப் பொரியல். இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

அக்டோபர் 5, ஞாயிறு

கோயிலால் வரும்போது கிளரன்ஸ் தன் பழைய சினேகிதன் நதானியேலை நாளைக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். “மச்சான், நவத்தின்ரை இறைச்சிப் பிரட்டல் சாப்பிடவேணும் நீ.” அவர் அப்படிச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை, வான் இல்லை. ஆறுதலாகச் சமைக்கலாம். வேறு இறைச்சி வைத்தால் ருசி மாறிவிடும். ரின்தான். இரண்டு ரின்.

அக்டோபர் 6, திங்கள்

நான் ஒரு மடைச்சி.

நாளைக்கு விடுமுறை என்று எழுதினேனே, ஏன் விடுமுறை என்று ஒரு கணம் யோசித்தேனா?

நதானியேல் நன்றாக ரசித்துத்தான் சாப்பிட்டார். இரண்டாம் தரம் கறி போடும்போது சாதாரணமாகக் கேட்டார்: “தங்கச்சி, இண்டைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை எல்லே? இறைச்சிக் கடையெல்லாம் பூட்டு. எங்காலை இறைச்சி எடுத்தனீங்கள்?”

கிளரன்ஸ் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நேற்று வாங்கினதோ?”

நேற்று முழுக்க அவரோடுதான் இருந்தேன். பிறிட்ஜில் இருந்தது என்று சொன்னால் அது அதைவிட மோசம். எழும்பிக் குசினிக்குள் போய், வெறும் ரின் இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

நதானியேல் ரின்னை எடுத்துப் பார்த்துவிட்டு, “அட, எங்கடை வீட்டிலையும் உதுதான்” என்று சிரித்தார். கிளரன்ஸ் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

கதைக்கிறார் இல்லை. சாப்பாட்டுக்குக் கடைப் பாணும் சம்பலும்.

அக்டோபர் 8, புதன்

பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தானாகவே வாயைத் திறந்தார்.

“ரின்னெண்டதுக்கு எனக்குக் கோபமில்லை.”

“அப்ப?”

“என்ரை பல்லுக்காக நீ இருந்து ஒவ்வொண்டாய் உதிர்த்து வைச்சிருக்கிறாய் எண்டெல்லே நினைச்சன். நதானியேலுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்.”

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. அவர் வழித்துச் சாப்பிட்டதும், கோயிலில் பெருமையாய்ச் சொன்னதும் அதற்குத்தானா? ஆனால் அடுத்த நிமிசம் கோபமும் வந்தது. எங்கே கிடந்ததோ தெரியாது, அவ்வளவும் வந்தது.

“முப்பது வருசம் உதிர்த்தும் அரைச்சும் அவிச்சும் தந்தன். ஒரு நாளாவது நல்லாயிருக்கெண்டு வாயாலை சொன்னனீங்களே? ஒரு ரின்னுக்குச் சொல்லிறியள்! பொய் சொன்னது பிழைதான். ஆனா உங்கடை பல்லுக்குத் தோதாயிருக்கெண்டுதான் திரும்பத் திரும்ப வைச்சனான். அது பொய்யில்லை. வானை விடவும் மாட்டன். சாப்பாடு பிழைச்சா பிழைக்கட்டும்!”

சொல்லிவிட்டு வந்து குசினிக் கதவைச் சாத்தினேன். தேத்தண்ணீரைக் குடித்தாரோ தெரியாது.

அக்டோபர் 10, வெள்ளி

ஒருவருக்கும் சொல்லாமல் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்! ஒரு பக்கக் கன்னம் பலாப்பழம் மாதிரி. ஏன் இப்போது என்று கேட்டால், “சும்மா” என்கிறார். கதைக்கவும் ஏலாது. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று நாள் கஞ்சிக்குப் பிறகு, பேப்பருக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்: “உதிலை மிச்சம் கிடக்கோ?”

“எதிலை?”

“உதிலைதான்.”

பெயரைச் சொல்ல வாய் வரவில்லை ஐயாவுக்கு!

“ஒண்டே ஒண்டு கிடக்கு” என்றேன். “அவசரத்துக்கு இருக்கட்டும்.” வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அக்டோபர் 16, வியாழன்

உடம்பெல்லாம் அலுப்பு. ஆனால் எழுதாமல் படுக்க மனமில்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. ஆனைக்கோட்டைக்குக் கிட்ட றோட்டே தெரியவில்லை, ஒரே வெள்ளம். முன்னால் போன ஓட்டோ ஒன்று நின்றுபோனது. நான் வானைத் திருப்பி மேட்டில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னேன். பயந்து அழுத சின்னதை முன் சீற்றில் என் பக்கத்தில் இருத்தினேன். எனக்கும் பயம்தான். றைவர் அன்ரி பயந்தால் யார் ஓட்டுவது? மழை கொஞ்சம் விட்டதும் ஒழுங்கைகளால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தாயின் கையில் பிள்ளையைக் கொடுத்தேன். போனில் சார்ஜ் இல்லை.

வீட்டுக்கு வர மைம்மல், விளக்கு வைக்கிற நேரம். குசினியால் புகை வந்துகொண்டிருந்தது!

உள்ளே கிளரன்ஸ். கட்டைவிரலில் லேஞ்சித் துணி சுற்றியிருந்தது. ரின் சாவி பாதியில் முறிந்து தகரம் வெட்டிவிட்டதாம். அடுப்பில் சோறு, களி மாதிரி. சட்டியில் இறைச்சிப் பிரட்டல், கறுத்துப் போய். மனுசனின் கண் சிவந்திருந்தது. புகையாலோ?

“உதயகலாவுக்கு எத்தினை தரம் போன் எடுத்தன் தெரியுமே? அவளுக்கும் தெரியாது. கை சும்மா இருக்கேலாமல்தான் அடுப்படிக்கு வந்தனான்” என்றார். பிறகு, “எல்லாப் பிள்ளையளும் சுகமாய்ப் போட்டுதுகளோ?”

“ஓம்.”

“நீ?”

“நானும் வந்திட்டன்தானே.”

ஈரச் சீலையோடே மேசையில் இருந்தேன். அவர் போட்டுத் தந்தார். ஒரு வாய் வைத்தேன்... கடல்! உப்பென்றால் உப்பு!

அவரும் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உப்பு ரின்னுக்குள்ளையே கிடக்கெண்டு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?”

இரண்டு பேரும் சிரித்தோம். கனகாலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம். தயிர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக் குடித்து, சட்டியை முடித்தோம்.

“நல்லாயிருக்கு” என்று நான் வாயால் சொன்னேன். “சும்மா சொல்லாதை” என்றார். முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

அக்டோபர் 18, சனி

கிளரன்ஸும் நானும் கடைக்குப் போனோம். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே முகத்தோடு ஒவ்வொரு ரின்னாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நசிந்த ரின் வேண்டாம், முடிவுத் திகதி கிட்டினது வேண்டாம். ஒன்றைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கியும் பார்த்தார்! கடைக்காரர் என்னைப் பார்க்க, நான் பிஸ்கட் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாட்டிறைச்சி நான்கு, கோழி இரண்டு, மீன் இரண்டு. “கோழி எப்பிடியெண்டு பாப்பம்” என்கிறார்.

அக்டோபர் 22, புதன்

இன்றோடு அந்த ஒரு மாதம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உதயகலா கேட்டாள், அவளுடைய மனுசன் எழும்பி நடந்த பிறகும் பாதிப் பிள்ளைகளை நான் ஏற்ற விருப்பமோ என்று. “ஓம்” என்றேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் தேவைப்படவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பாலர் பிள்ளைகளில் கடைசியாளை இறக்கிவிட்டு நிற்கப் போன் அடித்தது. கிளரன்ஸ்.

“நான் சமைச்சுச் சாப்பிட்டிட்டன். உனக்கும் மூடி வைச்சிருக்கிறன்.”

“உப்பு?”

“போடேல்லை. ஆறுதலாய் வா.”

பெரிய பிள்ளைகளை ஏற்றப் போக இன்னும் நேரம் இருந்தது. நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். வெறும் வான், கண்ணாடியெல்லாம் திறந்து கிடந்தது. மழை கழுவிவிட்ட வெயில். அராலிப் பக்கம் திருப்பி, கடல் தெரிகிற இடம் வரைக்கும் ஓடி, அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.